பதினான்காம் தீர்மானம்

விருதுநகரில் எங்கள் குடும்பத்துக்கு உளுந்து மண்டி. மூட்டையின் வாயில் தெரியும் உளுந்தை எங்கள் ஆட்கள் யாரும் பார்க்க மாட்டார்கள். குத்தூசியை மூட்டையின் நடுவயிற்றில் செருகி, அதில் வரும் ஒரு பிடியைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள். அந்தக் கண்ணோடு வளர்ந்த நான் பிற்பாடு சென்னைக்கு வந்து நினைவுத் தரகனானேன். இந்தத் தொழிலில் சில வசதிகள் உண்டு. சரக்கை எலி கடிக்காது. மழையில் நனையாது. விற்றவன் திரும்பி வந்து சண்டை போட மாட்டான். என்ன விற்றோம் என்பதே அவனுக்கு ஞாபகம் இருக்காது.

போரின் மூன்றாம் வருடத்தில் எனக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. அப்போது இரு தரப்பும் வானத்தையே குருடாக்கி வைத்திருந்தன. சில்லு வைத்த எந்த விமானமும் மேலே போனால் முழுசாகத் திரும்பாது. அதனால் யாரோ ஒரு புத்திசாலிக்கு நூற்றிருபது வருடப் பழைய ஹரிக்கேன் போர்விமானம் ஞாபகம் வந்தது. மரச்சட்டம், இரும்புக் குழாய், மேலே துணி, முன்னால் ஒரு பெரிய இன்ஜின். குருடாக்க அதில் கண்ணே கிடையாது. பழைய வரைபடங்களை வைத்து ஒரு கம்பெனி அவற்றை அச்சு அசலாகச் செய்யத் தொடங்கியது. செய்துவிட்டார்கள். ஓட்டுவதற்குத்தான் ஆளில்லை. ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் எப்போதோ செத்துப் போயிருந்தார்கள்.

கம்பெனியின் பயிற்சித் தலைவர் டாக்டர் மைதிலி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அந்த விமானம் பறந்ததை நேர்ல பார்த்தவங்க வேணும் கனகவேல். ஓட்டினவங்க இல்ல, பார்த்தவங்க."

"பார்த்தவனை வெச்சு ஓட்ட முடியுமா மேடம்? சமையலை வேடிக்கை பார்த்தவனை வெச்சுப் பந்தி போட்ட மாதிரி ஆயிடும்."

அவர் சிரிக்கவில்லை. "கபடி பார்க்கிறவர் காலைக் கவனிச்சிருக்கீங்களா? பாடிப் போறவன் தாவும்போது இவர் காலும் உதறும். பைத்தியமா ரசிக்கிறவன் உடம்பு கூடவே ஆடிடும். விமானம் சாயும்போது கழுத்து சாயும், தோள் சாயும், கை தானா வளையும். அந்த நினைவை எடுத்துப் பயிற்சிப் பிள்ளைங்களுக்கு ஏத்தினா ரெண்டு வருஷப் படிப்பு பத்து வாரத்துல முடியும். சினிமாப் படம் கண்ணோட நின்னுடும். நினைவு கைக்குப் போகும்."

"எடுத்த இடத்துல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. ஆணியைப் பிடுங்கின மாதிரி. ஆணியோட கொஞ்சம் சுண்ணாம்பும் பெயர்ந்து வரும். அதை நீங்க விற்கிறவங்ககிட்ட விளக்கிச் சொல்லிடணும்."

விளக்கிச் சொல்வதில் நான் கெட்டிக்காரன். எதைப் பெரிய குரலில் சொல்ல வேண்டும், எதைக் காபி வரும் நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தெரியும்.

நாற்பது வருடங்களுக்கு முன், சோழவரத்தின் பழைய ஓடுதளத்தில் ஒரே ஒரு நாள் ஒரு ஹரிக்கேன் பறந்தது. வெளிநாட்டுப் பணக்காரர் ஒருவர் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார். கூட்டம் ஏராளம். அவர்களில் இருபது பேரைத் தேடிப் பிடித்துச் சோதித்தேன். எல்லாரும் அன்றைக்குக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தவர்கள். அவர்கள் நினைவில் இருந்தது கைப்பேசி மட்டும்தான்.

கடைசியில்தான் அந்த ஆறு பேர் கிடைத்தார்கள்.

செங்குன்றத்தில் ஒரு பிரியாணிக் கடையின் மாடி. ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, விமானம் பறந்த அதே நாளில், ஆறு பேரும் அங்கே கூடுவார்கள். விமானப் பிரியர் சங்கம் என்று பதிவு செய்து, தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வைத்திருந்தார்கள். ஆறு பேரில் ஐந்து பேருக்குப் பதவி உண்டு. ஆறாமவர் துணைத் தலைவராக மறுத்துவிட்டு இன்னும் கோபமாக இருந்தார்.

நான் போன அன்று தலைவர் நடேசமூர்த்தி எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"கிழக்கால வந்தான் சார். வெயில் அவன் முதுகுல. அப்பிடியே மேல, மேல, புள்ளியாப் போயிட்டான். ஒரு செகண்டு நின்னான். அப்புறம் மூக்கைக் குத்திக்கினு நேரா கீழ!" கையைக் கத்திபோல் செங்குத்தாக இறக்கினார். மற்ற ஐந்து கைகளும் அதே நேரத்தில், அதே கோணத்தில் இறங்கின. "சத்தம் ஒரு இடத்துல அறுந்துச்சா? அறுந்துச்சான்னு கேக்கறேன்!"

"இல்ல!" என்றார்கள் ஐவரும்.

எனக்கு உள்ளே ஏதோ இடித்தது. எங்கள் மண்டியில் ஆறு வியாபாரிகள் ஒரே விலையைச் சொன்னால், காலையில் ஆறு பேரும் ஒன்றாக டீ குடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நேரில் பார்த்த ஆறு பேர் ஆறு விதமாகத்தான் சொல்ல வேண்டும். ஒருவருக்குத் தூண் மறைத்திருக்கும். ஒருவர் தும்மியிருப்பார்.

செயலாளர் பிரிசில்லா டீச்சரிடம் மெல்லக் கேட்டேன். அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுத்தவர். "உங்களுக்குள்ள கருத்து வேறுபாடே வராதா டீச்சர்?"

"ஆரம்பத்துல அடிதடிதான். சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் ஒரு முறை வெச்சுக்கிட்டோம். எதுல சண்டை வந்தாலும் தீர்மானம் போட்டு ஓட்டெடுப்போம். நிறைவேறிட்டா அதுக்கப்புறம் யாரும் மாத்திச் சொல்லக் கூடாது." மடியிலிருந்த நீல அட்டை நோட்டைத் தட்டினார். "எல்லாம் மினிட்ஸ்ல இருக்கு."

கண்ணால் பார்த்ததற்கு ஓட்டெடுப்பு! வேறு எந்த ஊரில் நடக்கும் இது? சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். நான் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். கம்பெனியின் விதி என்னவென்றால், நான்கு நினைவுகள் ஒத்துப்போனால் முதல் தரம். இங்கே ஆறும் ஒத்துப்போயின. இதற்கு மேல் குத்தூசி செருகுவானேன் என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

காபி வந்த நேரத்தில் சுண்ணாம்பு விஷயத்தைச் சொன்னேன்.

"போனாப் போவட்டும் சார்," என்றார் நடேசமூர்த்தி. "நாட்டுக்குன்னா குடுத்துட வேண்டியதுதான். பசங்க உயிரு பெருசா, நம்ம கத பெருசா?"

பிரிசில்லா மட்டும் காபியைத் தொடாமல் தள்ளி வைத்தார். "அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்காரர் சாமுவேல் எங்கிட்ட முதன்முதலாப் பேசினார். வெயிலா இருக்கு, என் தொப்பியைப் போட்டுக்கோங்கன்னார். அதுவும் போயிடுமா?"

"அது ஓரத்துல இருக்கறது டீச்சர். ஓரமெல்லாம் அநேகமாத் தப்பிச்சுடும்," என்றேன்.

தப்பிக்கவில்லை. எடுத்து முடித்த அன்று வரவேற்பறையில் ஆறு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவரோடு எப்படிப் பழக்கமானோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நடேசமூர்த்தி என்னைப் பார்த்து, "இவங்கல்லாம் எந்த டிபார்ட்மெண்ட்டு சார்?" என்று கேட்டார்.

என் அக்கா மகள் எழில்ராணி இந்தக் கதையில் எப்படி வந்தாள் என்று சொல்ல வேண்டும். அக்காவும் மச்சானும் ஒரே விபத்தில் போனபோது அவளுக்கு ஐந்து வயது. கொருக்குப்பேட்டை வீட்டில் நான்தான் வளர்த்தேன். எனக்கு வேறு யாரும் கிடையாது. பறக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் என்னிடம் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். சேர்ந்ததை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. தெருவில் கேட்டவர்களிடம் விருதுநகருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன்.

ஒன்பதாவது வாரம் ஒரு நாள் விடுப்பில் வந்தாள். தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்:

"மாமா, உங்க சரக்கு பிரமாதம். நான் பொறக்கறதுக்கு முன்னாடி பறந்த விமானம், ஆனா எங்கண்ணுக்குள்ளயே நிக்குது. சோழவரத்து வெயில்கூட முதுகுல சுடுது."

"அப்ப ஏன் மூஞ்சி இப்பிடி இருக்கு?"

பிய்த்த துண்டை அப்படியே வைத்தாள். "செவ்வாக்கிழமை ராஜ்கிரண் போயிட்டான். நேத்து ஜெனிஃபர். ரெண்டு பேரும் ஒரே மாதிரி. மேலேருந்து மூக்கைக் குத்திப் பாயறாங்க. பாதியில இன்ஜின் நின்னுபோகுது."

"மெக்கானிக் என்ன சொல்றான்?"

"இந்தப் பழைய இன்ஜின் அப்படித்தானாம். மூக்கைத் திடீர்னு அமுக்கினா உள்ள இருக்கற பெட்ரோல் மேல எழும்பிடும். இன்ஜினுக்கு ரெண்டு செகண்டு பட்டினி. உசரத்துல இருந்தா மறுபடியும் புடிச்சுக்கும். தரைகிட்டன்னா அவ்வளவுதான். முதல்ல விமானத்தை மல்லாக்கத் திருப்பிப் போட்டு, அப்புறம் பாயணும். புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப புத்தகத்துல உள்ளபடி செய்ய வேண்டியதுதானே?"

"செய்வோம்னுதான் போறோம். கை கேக்க மாட்டேங்குது மாமா." வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "புத்தகம் படிச்சது நான். கை படிச்சது அந்த ஆறு பேரை. அவங்க பார்த்ததைத்தான் இது செய்யுது."

சொல்லிக்கொண்டே அந்தக் கையைச் செங்குத்தாக இறக்கினாள். செங்குன்றம் மாடியில் ஆறு கைகள் இறங்கிய அதே கோணம்.

"எனக்கு வியாழக்கிழமை பாய்ச்சல் பயிற்சி," என்றாள்.

"போகாத."

"எல்லாரும் பறக்கறாங்க, நான் மட்டும் மாமா சொன்னாருன்னு இறங்கிக்கவா?"

அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு நேரே பிரிசில்லா டீச்சர் வீட்டுக்குப் போனேன். என்னை அடையாளம் தெரிந்தது. எதற்காக வந்திருந்தேன் என்பது தெரியவில்லை. நீல நோட்டைக் கேட்டேன். அலமாரியிலிருந்து எடுத்து வந்து தூசி தட்டினார்.

"என்ன நோட்டுன்னே தெரியல. என் கையெழுத்தா இருக்கேன்னு தூக்கிப் போடாம வெச்சிருக்கேன்."

தேடினோம். தீர்மானம் எண் பதினான்கு. 'விமானம் மல்லாக்கத் திரும்பாமல் நேராகவே கீழே பாய்ந்தது என இச்சங்கம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. முன்மொழிந்தவர்: திரு நடேசமூர்த்தி. இவ்வகை இன்ஜினில் அப்படிப் பாய இயலாது என்ற ஐயத்துக்கு, இன்ஜினைப் புதிதாக மாற்றியிருப்பார்கள் என விளக்கம் அளிக்கப்பட்டது.'

பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், பொடி எழுத்தில், வேறொன்று இருந்தது. டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்:

"'மல்லாக்கத் திரும்பியதை நான் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் வெயிலில் மின்னியது. நடேசமூர்த்தி அன்று மைதானத்திலேயே இல்லை. அவர் மனைவிக்குப் பிரசவம். செங்குன்றம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. அவர் கேட்டது சத்தம் மட்டும். சத்தம் அறுபடவில்லை, ஆகவே நேராகப் பாய்ந்தது என்று அவராக முடிவு கட்டியிருக்கிறார். திரும்பிப் பாய்ந்ததால்தான் அறுபடவில்லை. சபையில் சொன்னால் மனிதர் உடைந்துபோவார். விட்டுவிடுகிறேன். ஒரு சின்ன விஷயம்தானே.'"

படித்து முடித்துவிட்டு அந்த வரிகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். "நல்ல பொம்பளையா இருந்திருக்கா, இதை எழுதினவ," என்றார். பிறகு அவருக்கு மெல்லப் புரிந்தது. "இதனால யாருக்காவது ஏதாவது ஆச்சா தம்பி?"

நோட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பார்த்தவரின் கண்ணில் இருந்ததும் பார்க்காதவரின் கதைதான். பத்து இருபது தடவை கையை இறக்கிச் சொன்ன பிறகு, கண்ணும் சங்கத்தின் பக்கம் போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை டாக்டர் மைதிலியின் மேசையில் நோட்டைத் திறந்து வைத்தேன். இரண்டு முறை படித்தார்.

"நூத்தி நாப்பது பேருக்கு ஏத்தியாச்சு," என்றார்.

"எடுத்துடுங்க."

"எடுத்தா ஆணியோட சுவரே வந்துடும். பத்து வாரப் பயிற்சியும் போயிடும். அடுத்த திங்கக்கிழமை எல்லைக்கு விமானம் போகணும். எதைக் காட்டிப் போர்முனையில தவணை கேக்கறது?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பாய்ச்சல் எல்லாப் பறப்புலயும் வராது. உசரத்துல செஞ்சா பொழைச்சுக்குவாங்க. எங்களுக்கு இந்த இழப்பு தாங்கும்னு மேல முடிவு பண்ணியாச்சு. உங்க நோட்டு வர்றதுக்கு முன்னாடியே."

நூற்று நாற்பது பேருக்காகப் பேச வேண்டும் என்றுதான் நான் போனேன். சத்தியமாக அப்படித்தான் போனேன். ஆனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எது படியும், எது படியாது என்று எனக்குத் தெரிந்துவிடும். நூற்று நாற்பது படியாது. ஒன்று படியும்.

"எழில்ராணின்னு ஒரு பொண்ணு," என்றேன். "என் அக்கா மக."

அவர் கண்ணில் ஒரு நிம்மதி தெரிந்தது. இப்போது நாங்கள் இருவரும் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்தோம்.

"அவளுக்கு மட்டும் எடுத்துடறோம். நோட்டு எங்களுக்கு."

"ஓடிப்போனவன்னு பின்னால யாரும் அவளைத் தேடி வரக் கூடாது. பதிவேட்டுல பேரே இருக்கக் கூடாது. சேர்ந்ததே இல்லைன்னு ஆகணும்."

"ஆகட்டும்." பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "இதைப் படிச்சவங்க வேற யாராவது உண்டா?"

பதில் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரமே பதிலாகிவிட்டது.

"அவங்களை மறுபரிசோதனைன்னு கூட்டிட்டு வந்துடுங்க," என்றார்.

"எனக்கும் எடுத்துடுவீங்களா?"

"உங்களுக்கு எதுக்கு? நாளைக்கும் நீங்க எங்களுக்குச் சரக்கு வாங்கணும். அதோட," என்று முதன்முறையாகச் சிரித்தார், "தரகர் சொன்னா யாரு நம்பப் போறாங்க?"

புதன்கிழமை டீச்சரை நானே காரில் அழைத்துப் போனேன். வழியில் எனக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். அன்று பிற்பகலே ராணியை மருத்துவச் சோதனை என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்துச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள்.

"மாமா? நான் ஏன் இங்க இருக்கேன்?"

"விஷக் காய்ச்சல்டா. ரெண்டு மாசமாக் கிடந்தே. பொழைச்சதே பெரிசு."

நம்பினாள். என் மேல் அவளுக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு.

திங்கட்கிழமை விமானங்கள் எல்லைக்குப் போயின. எத்தனை திரும்பின என்று யாரும் அறிவிக்கவில்லை. கம்பெனி புது ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் அதே நினைவுதான், வேறு சரக்கு அவர்களிடம் இல்லை. பகலில் சில நேரம் எங்கள் தெருவுக்கு மேலேயே பழகினார்கள். ஒரு சத்தம் வரும், நடுவில் அறுந்துபோகும். அப்போது நான் கையில் இருப்பதை வைத்துவிட்டு, மறுபடியும் சத்தம் வரும்வரை நிற்பேன். சில தடவை வந்தது.

ராணி தேறினாள். என் சாப்பாட்டைக் குறை சொல்லும் அளவுக்குத் தேறினாள். நான்கு மாதம் போனது. பேரம் ஒன்றாவது என் வாழ்க்கையில் நஷ்டமில்லாமல் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள். கையில் காகிதம். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மாமா, எடுத்துட்டாங்க! உங்ககிட்ட சொன்னா விட மாட்டீங்கன்னு சொல்லாம எழுதிப் போட்டேன். பறக்கற வேலை. ஞாயித்துக்கிழமை போகணும்!"

காகிதத்தை வாங்கினேன். அதே முத்திரை. புது எண். பதிவேட்டில் அவள் பெயர் இல்லாததால் புது ஆளாக எடுத்திருந்தார்கள்.

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. டீச்சரைக் காரில் அழைத்துப் போனதையும் சொன்னேன். முதலில் சிரித்துக்கொண்டு கேட்டாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள்.

"அந்த நோட்டு எங்க?"

"குடுத்துட்டேன்."

"டீச்சரைப் போய்க் கேப்போமா?"

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"கூடப் பறந்தவங்க?"

"எல்லைக்குப் போயிட்டாங்க."

"சரி, எம் பேராவது அங்க எங்கயாவது இருக்கும்ல?"

"இல்லம்மா. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னை அனுப்ப உங்களுக்கு மனசில்ல. அவ்வளவுதானே? அதுக்கு இவ்வளவு பெரிய கதையா? வேற யாரையாவது வில்லனாப் போட்டிருக்கலாம்ல. உங்களையே போட்டுக்கிட்டீங்களே." கண் கலங்கியிருந்தது அவளுக்கு. "ஒண்ணும் ஆகாது மாமா. அங்க ஏதோ நினைவு ஏத்துவாங்களாம், ஏத்தினா கை தானாப் பறக்குமாம். நீங்க வாங்கிக் குடுத்த சரக்குன்னு சொன்னாங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

எழுந்து போய்ப் பெட்டியை இறக்கினாள். துணிகளை மடித்து வைத்துக்கொண்டே உள்ளிருந்து கேட்டாள்:

"முதல் தரம்தானே மாமா அது?"